டாண்டியைக் கட்டிப்போட்ட கிறிஸ்துமஸ்

கலியாணமான நாளிலிருந்து அல்போன்சாவின் புருஷன் ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட வீட்டில் இருந்ததில்லை. இன்னாசிமுத்து ரிச்மண்ட் டவுனில் ஒரு பட்டாளத்துத் துரை வீட்டில் பட்லராக இருந்தான். பாலன் பிறந்த திருநாள் என்றால் துரை வீட்டில் விருந்து. விருந்தென்றால் பட்லர் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்ட முடியாது. வான்கோழியை வாட்டி, புட்டிங்கை அவித்து, பீங்கான்களைக் கழுவி அடுக்கி, அவன் பிளாக்பள்ளியில் இருந்த தன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மறுநாள் விடிந்திருக்கும். மிச்சம் மீந்த கேக்கைத் துணியில் முடிந்து கொண்டு வருவான். அதுதான் அல்போன்சாவுக்கும் மகள் டோரதிக்கும் பண்டிகை. டோரதி என்ற பெயர்கூட அந்த வீட்டுத் துரைசானி வைத்ததுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலில் சண்டை வந்தது. துரை பட்டாளத்தோடு ரயிலேறினார். துரைசானி பங்களாவைக் காலி செய்து சாமான்களை ஏலத்தில் விட்டாள். சீமைக்குக் கப்பலேறும் முன் இன்னாசிமுத்துவைக் கூப்பிட்டு, டாண்டியின் சங்கிலியை அவன் கையில் கொடுத்தாள். டாண்டி வெள்ளை உடம்பும் ஒரு காது பழுப்புமாக இருந்த குட்டை ஜாதி நாய். குட்டியிலிருந்து அதற்குச் சோறு வைத்தவன் இன்னாசிமுத்துதான். "உன்னிடம் இருந்தால் அது சந்தோஷமாக இருக்கும்" என்று அவள் சொன்னாளாம். அழுதாளாம். இதைச் சொல்லும்போது இன்னாசிமுத்துவும் மூக்கை உறிஞ்சினான்.

"வேலை போச்சுன்னு அழுவுறியா, நாய் வந்துச்சுன்னு அழுவுறியா?" என்று அல்போன்சா கேட்டாள்.

"வேலை கெடக்குது மே. வேற துரை வருவான். வருஷப் பொறப்புக்கு மேல வரச் சொல்லி ஒரு பங்களாவுல பேசிட்டேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் வூட்ல. கேட்டியா? வூட்ல!"

அல்போன்சா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சந்தோஷத்தை வெளியில் காட்டத் தெரியாத பெண் அவள். சும்மா சிரிக்கிறாளே என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனாலும் அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாகீரதியிடம், "இந்தத் தடவை எங்க வூட்ல அவரே கேக்கு பண்றாரு" என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

அவர்கள் வீடு, ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் நீண்ட லைனில் நடுவில் இருந்த ஒற்றை அறை. பின்னால் ஒரு சமையல் இறக்கம், ஒரு கொய்யாமரம், நாலு கோழிகள். டாண்டி வந்த முதல் வாரமே கோழிகளை விரட்டித் தீர்த்தது. தெருநாய் ஒன்றோடு சண்டை போட்டு முகவாயில் கீறலோடு திரும்பியது. இன்னாசிமுத்து மஞ்சள் அரைத்துப் பூசினான், புண் ஆறியது, எல்லாரும் மறந்துபோனார்கள். டோரதிக்கு அப்போது ஏழு வயது. நாயும் அவளும் ஒரே பாயில் புரண்டார்கள். அவள் செபமாலை சொன்னால் நாயும் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு பக்கத்தில் படுத்துக்கொள்ளும். "நைனா, டாண்டியும் அருள் நிறைந்த மரியே சொல்லுது" என்று அவள் கத்துவாள்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. குடில் கட்ட இன்னாசிமுத்து அல்சூர் ஏரிப் பக்கமிருந்து பாசி பெயர்த்துக் கொண்டுவந்தான். டோரதி களிமண்ணில் ஆடு பிடித்துக்கொண்டிருந்தாள். நாய் அன்று காலையிலிருந்தே கட்டிலுக்கடியில் இருட்டில் முடங்கிக் கிடந்தது. தான் செய்த ஆட்டை அதற்குக் காட்ட வேண்டுமென்று அவள் குனிந்து உள்ளே கையை நீட்டினாள். ஒரு உறுமல்கூட இல்லை. வெடுக்கென்று முழங்கைக்குக் கீழே பல் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர் புண்ணைக் கழுவி, கார்பாலிக் திராவகம் வைத்துச் சுட்டார். டோரதி போட்ட கூச்சலில் அல்போன்சாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னாசிமுத்து வீட்டுக்குப் போய்த் தடியை எடுத்து நாயை ஒரே அடியாய் அடித்துவிடுகிறேன் என்று கிளம்பினான். டாக்டர்தான் தடுத்தார்.

"அடிச்சுடாதே. சங்கிலியில கட்டி வை. பத்து நாள் பாரு. நாய் நல்லா இருந்தா குழந்தைக்குப் பயமில்லே. செத்துப் போனா அன்னிக்கே கொழந்தையத் தூக்கிட்டு இங்க வா. குன்னூருக்கு அனுப்பணும். அங்கேதான் வெறிநாய்க்கடிக்கு ஊசி இருக்கு."

அப்படித்தான் அந்தக் கிறிஸ்துமஸ் அந்த வீட்டுக்கு வந்தது. கொய்யாமரத்தில் கட்டிய நாய். வீட்டுக்குள் கையில் கட்டோடு குழந்தை. நாயின் உயிரில் மகளின் உயிர் தொங்கிக்கொண்டிருக்க, அல்போன்சாவுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. மாவு பிசைவாள், எழுந்து பின்வாசலுக்குப் போவாள், நாய் மூச்சு விடுகிறதா என்று பார்ப்பாள், திரும்பி வந்து மாவைப் பிசைவாள். கடித்த நாயை எந்தத் தாயும் சாகச் சொல்லிச் சபிப்பாள். இவளோ அது நன்றாகத் தின்ன வேண்டும், குரைக்க வேண்டும் என்று ஆரோக்கிய மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

"ஏங்க, அது தின்னுச்சா?"

"தின்னுது மே. சும்மா பேஜார் பண்ணாதே."

தின்றது உண்மைதான். ஆனால் முன்போல் இல்லை. இன்னாசிமுத்து வைத்தால் மட்டும் முகர்ந்துவிட்டு நாலு வாய் தின்னும். மற்றவர்கள் பக்கத்தில் போனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும்.

பாகீரதி ஒரு பச்சிலை உருண்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "எங்க ஊர்ப்பக்கம் நாய்க்கடிக்கு இதுதான் குடுப்பாங்க. பாலுல கரைச்சு ஊத்து அல்போன்சா. உங்க சாமிக்கு ஆகாதுன்னா நான் ஒண்ணும் சொல்லல." அல்போன்சா வாங்கிக்கொண்டாள். அந்த நிலைமையில் எந்தக் கையிலிருந்து எது வந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

திருநாள் அன்று இரண்டு பேரும் சேர்ந்து கோயிலுக்குப் போக முடியவில்லை. நாயைத் தனியே விட்டுப் போக இன்னாசிமுத்துவுக்கு மனசில்லை. சங்கிலியை அறுத்துக்கொண்டு லைனில் யாரையாவது கடித்து வைத்தால் என்ன செய்வது? விடிகாலைப் பூசைக்கு அவன் போனான். அவன் வந்ததும் அடுத்த பூசைக்கு அவள் டோரதியைக் கூட்டிக்கொண்டு போனாள். அத்தனை வருஷமாக மனசில் போட்டு வைத்திருந்த ஆசை அது. புருஷன் புது வேட்டியோடு ஆண்கள் பக்கம் நிற்க, தான் இந்தப் பக்கம் முக்காட்டுக்குள்ளிருந்து அவனை ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும். அன்றும் அது நடக்கவில்லை. சாமியார் பாலனின் சுரூபத்தை முத்தமிடக் கொடுத்தபோது டோரதி கட்டுப் போட்ட கையையும் பாலனின் பாதத்தில் கொண்டுபோய் வைத்தாள். 

வீட்டுக்கு வந்தால் வாசல்வரை வாசனை. துரை வீட்டில் இரும்பு அடுப்பில் செய்த கேக்கை, இன்னாசிமுத்து இங்கே சட்டியில் ஊற்றி, மேலும் கீழும் தணல் போட்டுச் சுட்டிருந்தான். ஒரு பக்கம் தீய்ந்து போயிருந்தது. பழம் நறுக்கும்போது கட்டைவிரலை ஆழமாக வெட்டிக்கொண்டு, அதில் துணி சுற்றியிருந்தான். கோழிக் குழம்பு வைத்திருந்தான். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எதிரில் குடில், அதில் டோரதியின் களிமண் ஆடுகள். "துரைசானி டேபிள்ல உக்காந்து தின்னும்போது இன்னா நெனப்பாங்கன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்று இன்னாசிமுத்து சிரித்தான். "கேக்கு தீஞ்சு போச்சுன்னு நெனப்பாங்க" என்றாள் அல்போன்சா. அன்று அவளும் சிரித்தாள். நாய் தெம்பாக இருக்கட்டும் என்று எலும்புகளை வாரி டாண்டிக்கு அவன்தான் கொண்டுபோய் வைத்தான்.

பொழுது சாயும் நேரத்தில் நாய் ஒரு மாதிரிக் கத்தியது. குரைப்பு இல்லை; உடைந்த குரல். அல்போன்சா ஓடிப்போய்ப் பார்த்தாள். அதன் கீழ்த்தாடை தொங்கிப்போய், வாயிலிருந்து எச்சில் கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. முன்னங்காலால் வாயைப் பிறாண்டப் பார்த்தது.

"எலும்பு மாட்டிக்கிச்சு!" என்று பின்னாலேயே வந்தான் இன்னாசிமுத்து. "ஐயோ, நான்தானே போட்டேன்."

"தொடாதீங்க. வாணாம்ங்க."

"கடிக்க அதுக்கு வாயே மூடல மே. எலும்பு அடைச்சுச் செத்துப்போச்சுன்னா டாக்டருக்கு இன்னா சொல்றது? நாம பாக்க வேண்டியது இன்னும் ரெண்டு மூணு நாள்தானே?"

அவன் மண்டிபோட்டு, ஒரு கையால் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தொண்டைவரை விட்டுத் துழாவினான். விரலில் சுற்றியிருந்த துணி நழுவி நாயின் எச்சிலோடு வெளியே வந்தது. எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. நாய் அவனைக் கடிக்கவில்லை. அவன் மடியில் தலையை வைத்துக்கொண்டு தண்ணீர்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கையைத் தொட்டித் தண்ணீரில் அலம்பி, வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் டாண்டி செத்தது.

மகளுக்குக் குன்னூர் என்று முடிவாகிவிட்டது. ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் சர்க்காரே சீட்டுக் கொடுத்தது, குழந்தைக்கும் கூடப் போகும் ஒரு ஆளுக்கும். பெண்குழந்தையோடு தாய்தான் போக வேண்டும் என்றான் இன்னாசிமுத்து. வருஷம் பிறந்தால் அவனுக்குப் புது பங்களாவில் வேலை. கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு, வண்டி நகரும்போது கூடவே ஓடி வந்தான். "நைனா, குடிலைப் பிரிச்சுடாதே" என்று டோரதி கத்தினாள்.

அதுவரை ஜோலார்பேட்டையைத் தாண்டாதவள் அல்போன்சா. வண்டி மாறி, மறுபடி மாறி, பல்சக்கரம் வைத்த ரயிலில் மலையேறி, குளிரில் பல் கிட்டிக்கப் போய்ச் சேர்ந்தாள். நாய்க்கடி ஆஸ்பத்திரியில் எத்தனை ஊர் ஜனங்கள்! நரி கடித்த குடியானவன், பூனை பிறாண்டிய வெள்ளைக்காரச்சி, எல்லாரும் ஒரே வரிசை. தினம் குழந்தையின் வயிற்றில் ஊசி. முதல் நாள் அவளைப் பிடித்துக்கொள்ள மூன்று பேர் வேண்டியிருந்தது. நாலாம் நாள் அவளே பாவாடையை இறக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அது அல்போன்சாவுக்கு அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

அங்கிருந்த கம்பவுண்டர் நல்ல மனிதர். ஒரு நாள் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டார்: "நாய் சாகறப்ப எப்படி இருந்துச்சும்மா? வெறி புடிச்சு ஓடுச்சா?"

"இல்லீங்க. தாடை தொங்கிப்போச்சு. எலும்பு மாட்டிக்கிச்சுன்னு அவரு கைய உட்டுப் பாத்தாரு."

கம்பவுண்டரின் கை நின்றது. "யாரு?"

"என் வூட்டுக்காரரு."

"கையில காயம் ஏதாச்சும் இருந்துச்சா?"

 எச்சிலோடு வெளியே வந்த துணி அல்போன்சாவின் கண்ணுக்குள் நின்றது. கம்பவுண்டர் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "கடிச்சாத்தான்னு இல்லேம்மா. எச்சில் காயத்துல பட்டாலும் அதேதான். அவரை உடனே கௌம்பி வரச் சொல்லு. நானே எழுதறேன்."

அன்றைக்கே கார்டு போயிற்று.  பதிலை இன்னாசிமுத்து தன் கோணல் எழுத்தில் தானே எழுதியிருந்தான். கம்பவுண்டர் வாசித்துக் காட்டினார்: எனக்கு ஒரு குறைவுமில்லை. விரல் ஆறிவிட்டது. புதுத் துரை கண்டிப்பானவர், இப்போது லீவு கேட்டால் வேலை போய்விடும். பாகீரதி கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டேன். நீ குழந்தையைப் பார்த்துக்கொள். குடிலை இன்னும் பிரிக்கவில்லை என்று அவளிடம் சொல்.

மறுபடியும் ஒரு கார்டு எழுதச் சொன்னாள். அதற்கும் மேலே ஒரு தந்தி கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கம்பவுண்டர் தன் செலவில் தந்தியும் அடித்தார். அதற்குப் பதில் இல்லை.

"ஐயா, நான் போய்க் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துடறேன். புள்ளைய இங்கியே வெச்சுப் பாத்துக்கறீங்களா?"

"ஏழு வயசுக் குழந்தையை எப்படிம்மா விட்டுட்டுப் போவே? கூட்டிட்டுப் போனா ஊசி நடுவுல நின்னுடும். நின்னா இதுவரைக்கும் போட்டதெல்லாம் வீண்."

ஆஸ்பத்திரிக்கு வெளியே புகைமூட்டமாக இறங்கிய மஞ்சில் அவள் நின்றாள். கீழே எங்கேயோ பள்ளத்தாக்கில் ரயில் ஊதிக்கொண்டு இறங்கியது. அதில் ஏறினால் புருஷன் பிழைக்கலாம். ஏறாவிட்டால் மகள். சேசுவே, மரியே, சூசையே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே டோரதி, "அம்மா, குளிருது" என்று கூப்பிட்டாள். அவள் உள்ளே போனாள்.

ஊசி முடிந்து ஊர் திரும்பியபோது ஸ்டேஷனில் இன்னாசிமுத்து கல்லுக்குண்டுபோல நின்றான். மகளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். அல்போன்சா அங்கேயே பிளாட்பாரத்தில் சண்டையைத் தொடங்கினாள்.

"இப்பவே வண்டியேறுங்க. இந்த வண்டியே திரும்பிப் போவும்."

"இன்னா மே நீ! ஆளு எதுக்க நிக்கிறேன், கண்ணு தெரியலயா? நல்லாத்தானே இருக்கேன்."

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரும் போகத்தான் சொன்னார். இன்னாசிமுத்து தலையாட்டினான். துரை வீட்டில் ஒரு பெரிய விருந்து இருக்கிறது, அது முடிந்ததும் ஜல்தியாகப் போகிறேன் என்றான். விருந்து முடிந்தது. பிறகு துரைக்குக் காய்ச்சல், கஞ்சி வைக்க ஆளில்லை என்றான். அவள் அழுதாள், அவன் காலில் விழுந்தாள், இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. நன்றாக இருக்கும் மனிதனை நோயாளி என்று எப்படி நம்ப வைப்பது? நாள் போகப் போக அவளுக்கே அது நம்ப முடியாததாகிவிட்டது. தைரியம் வந்ததுபோல் இருந்தது. ஆறிப்போன தழும்பை விளக்கில் காட்டி அவன் சிரிக்கும்போது அவளும் பேசாமல் இருந்துவிடுவாள்.

ஈஸ்டருக்கு முன் வரும் தபசு காலம் தொடங்கிச் சில நாள் ஆகியிருக்கும். ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, விரலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தான். "பழைய வெட்டு ஊறுது மே" என்றான். மறுநாள் காலையில் அவள் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோகும் முன் கழுத்து வெட்டி இழுத்தது. கிண்ணம் சுவரில் போய் விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் கண்ணில் அன்றுதான் அவள் பயத்தைப் பார்த்தாள்.

"அல்போன்சா, டோரதியைப் பாகீரதி வூட்டுக்கு அனுப்பிடு" என்றான்.

ஆஸ்பத்திரியில் ஒரு தனி அறையில் வைத்தார்கள். டாக்டர் அவளிடம் மறைக்கவில்லை. இனி எந்த ஊசியும் இல்லை, குன்னூரிலும் இல்லை, சீமையிலும் இல்லை. நாக்கு வறண்டு, தாகம் தாகம் என்று கேட்டான். தண்ணீர் என்ற பேச்சைக் காதில் கேட்டாலே உடம்பு வில்லாக வளைந்தது. கதவு திறந்து காற்று பட்டாலும் அப்படித்தான். இடையிடையே தெளிந்து, எப்போதும்போலப் பேசினான். அதுதான் கொடுமை.

"நீ சொன்னே. நான் கேக்கல" என்றான் ஒரு தரம்.

"அத வுடுங்க."

"டோரதிக் குட்டி நல்லாத்தானே இருக்குது?"

"நல்லா இருக்குது."

கோயிலிலிருந்து பிரெஞ்சுச் சாமியார் வந்தார். நரைத்த தாடிக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். தீர்த்தம் தெளிக்கக் கையை எடுத்தவர், கட்டிலில் அவன் ஒடுங்கிச் சுருள்வதைப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்துவிட்டார். சற்பிரசாத அப்பம் கொடுக்கவும் வழியில்லை. அவனால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. சாகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தைத் தைலத்தை மட்டும் நெற்றியிலும் கையிலும் பூசினார். அந்தக் கட்டைவிரலிலும் தைலம் பட்டதை அல்போன்சா பார்த்தாள்.

வெளியே வந்து, "சாமி, நான் குன்னூர்லேர்ந்து வந்திருக்கணுமா?" என்று கேட்டாள்.

சாமியார் தைலச் சிமிழை மூடினார். "எனக்குத் தெரியாது மகளே" என்றார். ஆறுதலாக அவர் வேறு எதையாவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். அதனால்தானோ என்னவோ கடைசிவரை கோயிலுக்குப் போவதை அவள் விடவில்லை.

மறுநாள் பொழுது விடிந்ததும் இன்னாசிமுத்துவின் மூச்சு நின்றது. கல்பள்ளிக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். புதுத் துரை ஒரு ஆளிடம் மாலை கொடுத்தனுப்பினார்.

அதற்கப்புறம் அல்போன்சா கன்னியர் மடத்துச் சமையலறையில் சேர்ந்தாள். பெரிய அண்டாவில் பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பாள். டோரதி அங்கேயே படித்தாள். அந்தப் பிள்ளை தலைவலி என்று படுத்தாலும், தண்ணீர் வேண்டாம் என்றாலும், தாய் வேலையை விட்டு ஓடி வருவாள். ஒரு டம்ளரைக் கொண்டுபோய் எதிரில் நின்று, அவள் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும்வரை நகரமாட்டாள். வருஷக்கணக்கில் அப்படி நின்றாள். டோரதி கோபித்துக்கொள்ளாமல் குடிப்பாள்.

டோரதிக்குப் பதினாறு வயசிருக்கும். மடத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு மத்தியானம் தாயோடு உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லைப் பொறுக்கியபடியே கேட்டாள்.

"அம்மா, அன்னிக்கு நீ என்ன வுட்டுட்டு நைனாகிட்ட போயிருந்தா, நைனா இருந்திருப்பாரா?"

அல்போன்சா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"போயிருந்தாலும் அந்த மனுசன் வந்திருப்பாரான்னு தெரியல. வந்திருந்தா நீ இருந்திருப்பியான்னும் தெரியல. ஒண்ணும் தெரியல கண்ணு. நானும் அதத்தான் தெனம் கேட்டுக்கினு கெடக்கறேன்."

 டோரதி தாயின் பக்கமாக நகர்ந்து, தோளோடு தோள் படும்படி உட்கார்ந்துகொண்டாள். முறத்தில் இன்னும் பாதி அரிசி மிச்சமிருந்தது. இரண்டு பேருமாகப் பார்த்து முடித்தார்கள்.